சர்வாதிகாரியின் தூதன்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் ராஜபாட்டையில், பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்பூதூரை எட்டுவதற்கு முன் வருவது தண்டலம் என்னும் ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இப்பிரதேசத்தில் இன்று வழிப்போக்கன் கண்ணில் முதலில் படுவன லாரி வரிசைகளும் ஆலைக் கூரைகளுமே. அண்டையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனியார் 1998-ம் வருஷம் முதல் மோட்டார் வண்டிகள் செய்து வருகின்றனர். தெற்கே ஒரகடத்தில் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனியார் 2012-ம் வருஷம் முதல் லாரிகள் செய்து வருகின்றனர். சாலையோரக் கடைப் பலகைகளில் தமிழும் இங்கிலீஷும் போதாவென்று கொரிய எழுத்தும் ஏறியிருக்கிறது.

சில நாட்களுக்கு முன் அவ்வழியே சென்றபோது, மாலை வேளையில், கொரியர் ஒருவர் தம் சிறு மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைவதைக் கண்டோம். காட்சி சாதாரணமானதே. அவர் தம் விருப்பப்படி மகளுடன் இந்நாட்டுக்கு வந்தார்; தம் விருப்பப்படி மகளுடன் திரும்பிச் செல்வார். எனினும், அதே மொழி பேசும் மற்றொரு பாதி நாட்டை அக்காட்சி நம் மனத்திற்குக் கொண்டுவந்தது. வட கொரியாவுக்கும் புது டில்லியில் ஸ்தானீகர் மாளிகை உண்டு. இரு கொரியாக்களுடனும் இந்தியா 1973-ம் வருஷத்திலேயே ராஜாங்க உறவு ஏற்படுத்திக்கொண்டது. ஆனால் அந்த வடபாதியின் தூதர் ஒருவர் அந்நிய நாட்டுக்குப் புறப்படும்போது, பிள்ளைகளில் ஒருவரையேனும் தலைநகரில் விட்டுவிட்டு வரவேண்டுமென்பது அங்கு நெடுநாள் வழக்கம். விட்டு வருவது பாசத்தினாலன்று, பணயமாக.

உலகில் அபாயம் நிறைந்த உத்தியோகங்கள் பல உண்டு. சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கும், போர்முனையில் நிற்கிறவனுக்கும் அபாயம் எங்கிருந்து வருமென்பது தெரியும். சர்வாதிகாரியின் தூதனுடைய அபாயமோ விசித்திரமானது. எதிரியின் நாட்டில் அவன் பத்திரமாக இருக்கிறான். தன் சொந்த நாட்டிலிருந்து வரும் தந்தியைக் கண்டே நடுங்குகிறான். இந்த விபரீதம் எவ்வாறு நேர்கிறது, இதனால் உலகத்திற்கு விளைந்த கேடு யாது, இதில் நமக்கு ஏதேனும் கடமை உண்டா என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

பண்டைத் தர்மம்

தூதனைக் கொல்லலாகாது என்பது நம் முன்னோர் கண்ட ராஜநீதி. அசோகவனத்தை அழித்துப் பிடிபட்ட அனுமனைக் கொல்ல இராவணன் ஆணையிட்டபோது, விபீஷணன் எடுத்துரைத்துத் தடுத்தது இந்த நீதியையே. நாம் நிற்கும் தண்டலம் தொண்டைநாட்டைச் சேர்ந்தது. இத்தொண்டைநாட்டு மன்னனிடம் அதியமானுடைய தூதாக ஔவையார் வந்த வரலாற்றைப் புறநானூறு கூறுகிறது. தன் படைக்கலச் சாலையைப் பெருமையுடன் காட்டிய தொண்டைமானிடம், 'உன் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருக்கின்றன; எங்கள் அரசனுடையவை போரில் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்னும் கருத்துப்பட அவர் பேசினார். புகழ்வதுபோல் இகழ்ந்த அப்பேச்சுக்காக ஔவைக்குத் தீங்கு நேரவில்லை. அந்நிய மன்னன் பொறுத்தான். அனுப்பிய மன்னனோ அதே ஔவைக்கு அருநெல்லிக்கனி ஈந்தவன். இருபுறமும் அச்சமின்றி நின்றமையால் அவர் வாக்கில் உண்மை நின்றது.

திருவள்ளுவர் தூதுக்கென்றே அறுபத்தொன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கினார். தன் உயிருக்கு முடிவு நேர்வதாயினும் அஞ்சாது தன் அரசனுக்கு நன்மை தேடுபவனே தூதன் என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறார். அங்கே அவர் கருதிய அபாயம் பகையரசன் சபையிலிருந்து வருவது. ஆனால் அதற்கு அடுத்த அதிகாரம் எது? மன்னரைச் சேர்ந்தொழுகல். குளிர் காய்கிறவன் நெருப்பை அதிகம் நெருங்காமலும் அதிகம் அகலாமலும் இருப்பதுபோல் தன் அரசனிடம் ஒருவன் பழகவேண்டுமென்று அங்கே உபதேசிக்கிறார். அந்நிய அரசனிடம் அஞ்சாதிருக்கும் வழியைச் சொல்லிய கையோடு, சொந்த அரசன் என்னும் நெருப்பையும் அவர் சுட்டிக்காட்டிவிட்டார்.

சட்டம் காப்பது யாரிடமிருந்து?

நவீன உலகம் இப்பண்டைத் தர்மத்தை எழுத்திலே வகுத்துக்கொண்டது. 1961-ம் வருஷத்தில் வியன்னா நகரில் ராஜாங்க உறவுகள் பற்றிய உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவும் அதில் சேர்ந்து, 1972-ம் வருஷத்தில் அதற்கென ஒரு சட்டமும் இயற்றியது. அவ்வுடன்படிக்கையின் 29-வது பிரிவின்படி தூதன் உடலைத் தீண்டலாகாது. அவனைக் கைது செய்யவோ சிறையிலிடவோ கூடாது. 22-வது பிரிவின்படி, தலைவருடைய சம்மதமின்றித் தூதர் மாளிகைக்குள் உள்ளூர்ப் போலீஸார் காலெடுத்து வைக்கலாகாது.

வக்கீல் தொழில் பழகியவர்கள் ஒரு சட்டத்தைப் படித்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இந்தப் பாதுகாப்பு யாரிடமிருந்து? விடையை 31-வது பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வந்திருக்கும் நாட்டின் நியாய ஸ்தலங்களிலிருந்து தூதனுக்கு விலக்கு உண்டு. அவ்விலக்கு, அனுப்பிய நாட்டின் அதிகாரத்திலிருந்து அவனை விடுவிக்காது. அனுப்பிய நாடு விரும்பினால் அந்த விலக்கையும் எடுத்துவிடலாம் என்கிறது 32-வது பிரிவு. அதாவது, கவசம் தூதனுடையதன்று, அவனுடைய ராஜாங்கத்தினுடையது.

சட்டம் ஆளும் நாட்டில் இந்த ஏற்பாட்டால் தீங்கில்லை. அங்கே தூதனைத் திரும்ப அழைத்தால் அவன் பதவியை இழப்பான். பென்ஷன் வாங்கிக்கொண்டு சுயசரிதை எழுதுவான். ஒருவனுடைய சொல்லே சட்டமாக உள்ள நாட்டில் நிலைமை தலைகீழ். எந்த மதில் உள்ளூர்ப் போலீஸாரைத் தடுத்து நிறுத்துகிறதோ, அதே மதில் உள்ளிருப்பவனுக்குச் சிறைச்சுவராகிறது.

1929-ம் வருஷம் அக்டோபரில் பாரிஸில் இது கண்கூடாயிற்று. சோவியத் தூதராலயத்தில் தலைமைப் பொறுப்பு வகித்துவந்த பெஸெடோவ்ஸ்கி என்பவர், மாஸ்கோவிலிருந்து வந்த அதிகாரி தம்மைப் பலவந்தமாகக் கொண்டுபோய்விடுவாரென்று அஞ்சித் தோட்டத்து மதிலேறிக் குதித்து ஓடினார். பிறகு பிரெஞ்சுப் போலீஸாருடன் திரும்பி வந்து மனைவியையும் குழந்தையையும் மீட்டார். இதற்கு மாஸ்கோ அளித்த மறுமொழி ஒரு சட்டம். 1929 நவம்பர் 21-ந் தேதி பிறப்பிக்கப்பட்ட அச்சட்டப்படி, அந்நிய நாட்டிலிருந்து திரும்ப மறுக்கும் உத்தியோகஸ்தன் சட்டத்திற்குப் புறம்பானவன். அவன் சொத்து பறிமுதலாகும். ஆள் இன்னாரென்று உறுதியான இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அவனைச் சுட்டுவிடலாம்.

காபூலிலிருந்த ருஷியர்

அச்சட்டத்திற்கு இலக்கானவர்களில் ஒருவர் நம் நாட்டு விடுதலைச் சரித்திரத்தோடு சிறிது சம்பந்தமுடையவர். பியோடர் ரஸ்கோல்நிகோவ் ருஷியப் புரட்சியில் கடற்படைத் தலைவராகப் பெயர் பெற்றவர். 1921 முதல் 1923 வரை காபூலில் சோவியத் தூதராக இருந்தார். ஆப்கானிஸ்தானத்தில் இருந்துகொண்டு இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு விரோதமாக அவர் வேலை செய்கிறாரென்று லண்டன் சர்க்கார் கடுங்கோபம் கொண்டனர். முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்ஸன் பிரபு அப்போது பிரிட்டிஷ் அந்நிய மந்திரி. 1923-ம் வருஷம் மே மாதம் அவர் மாஸ்கோவுக்கு விடுத்த இறுதி எச்சரிக்கையில், ரஸ்கோல்நிகோவைக் காபூலிலிருந்து அழைத்துக்கொள்ள வேண்டுமென்பதும் ஒரு கோரிக்கை. உலகின் மிகப் பெரிய சாம்ராஜ்யம் அவர்மேல் சீறியது. அவர் தலையில் ஒரு மயிருக்கும் சேதமில்லை.

பதினைந்து வருஷங்களுக்குப் பின் அவர் பல்கேரியாவில் தூதராக இருந்தார். ஸ்டாலினுடைய களையெடுப்பு உச்சத்திலிருந்த காலம். துருக்கியில் தூதராயிருந்த கரகான் 1937-ல் சுடப்பட்டார். ஒன்பது வருஷங்கள் பெர்லினில் தூதராயிருந்த கிரெஸ்டின்ஸ்கி, 1938 மார்ச்சில் கோர்ட்டில் நின்று, தம் வாக்குமூலம் பொய்யென்று முதல் நாள் துணிந்து கூறினார். மறுநாள் அதே மனிதர் எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட இரவைப் பற்றிக் கோர்ட்டு ரிகார்டில் ஒன்றுமில்லை. அந்த மாதமே அவரும் சுடப்பட்டார்.

1938 ஏப்ரலில் ரஸ்கோல்நிகோவுக்கும் அழைப்பு வந்தது. மனைவியும் குழந்தையுமாக ரயிலேறினார். வழியில் பெர்லின் ஸ்டேஷனில் வாங்கிய பத்திரிகையில், தாம் பதவியிலிருந்து நீக்கப்பட்ட செய்தியைக் கண்டார். மாஸ்கோவுக்கு ரயில் மாறாமல் பாரிஸுக்குத் திரும்பினார். 1939-ல் அவருடைய சொந்த நாட்டுக் கோர்ட்டு அவர் இல்லாமலே அவரைச் சட்டத்திற்குப் புறம்பானவரென்று தீர்த்தது. ஆகஸ்டில் ஸ்டாலினுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். செப்டம்பரில் நீஸ் நகரில் இறந்தார். கடிதம் அச்சேறியது அதற்குப் பின். 1963-ல் சோவியத் சர்க்காரே அவர் குற்றமற்றவரென்று அறிவித்தது. கர்ஸன் பிரபுவால் தொட முடியாத மனிதரைத் தொடர்ந்து சென்று அழித்தது, அவர் தம் வாலிபத்தை அர்ப்பணித்த ராஜாங்கமே.

பெர்லினில் இந்திய இலாகா

நமக்கு இன்னும் அணுக்கமான வரலாறு ஒன்றுண்டு. ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தாவிலிருந்து மறைந்து, காபூல், மாஸ்கோ வழியாக 1941 ஏப்ரல் 2-ந் தேதி பெர்லின் சேர்ந்ததை நேயர்கள் அறிவர். ஜெர்மன் அந்நிய இலாகாவில் இந்திய விஷயங்களைக் கவனிக்க ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. போஸுடனும் அவர் நிறுவிய சுதந்திர இந்திய நிலையத்துடனும் தொடர்பு வைத்திருந்த அப்பிரிவின் தலைவர் ஆடம் வான் டிராட் என்னும் முப்பத்திரண்டு வயது வக்கீல். பிரஷியாவில் கல்வி மந்திரியாக இருந்தவரின் புதல்வர். ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டில் பேலியோல் கல்லூரியில் பயின்றவர்.

இந்த டிராட் உள்ளத்தில் ஹிட்லரின் விரோதி. 1939-ல் இங்கிலாந்துக்கும் பின் அமெரிக்காவுக்கும் சென்றார். அமெரிக்காவிலேயே தங்கிவிடும்படி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். மறுத்துப் பசிபிக் கடல் கடந்து, ஜப்பான், சைபீரியா வழியாக ஜெர்மனிக்குத் திரும்பினார். உள்ளிருந்தே எதிர்க்க வேண்டுமென்பது அவர் துணிவு. அந்நிய இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். உத்தியோகத்தின் பெயரால் சுவிட்ஜர்லாந்து, சுவீடன், துருக்கி ஆகிய நடுநிலை நாடுகளுக்குப் போய் வந்தார். போன இடங்களிலெல்லாம், ஜெர்மனிக்குள்ளேயே ஹிட்லரை ஒழிக்க முயல்வோர் உளரென்ற செய்தியை நேச நாடுகளுக்கு எட்டச் செய்தார். 1942-ம் வருஷ வசந்த காலத்தில் ஸ்டாபோர்டு கிரிப்ஸ் துரை நம் தேசத்தில் தமது பேரத்தை நடத்தித் தோல்வியுற்று லண்டன் மீண்டார். அவருக்கு ஜினீவாவிலிருந்த டச்சுப் பாதிரியார் ஒருவர் மூலமாக ஒரு நிரூபம் சேர்ந்தது. அதை அனுப்பிய குழுவின் முக்கியஸ்தர் இந்த டிராட்டே. பிரிட்டிஷ் சர்க்கார் அதற்குக் கைகொடுக்கவில்லை.

1944 ஜூலை 20-ந் தேதி ஹிட்லரைக் கொல்ல வைத்த வெடிகுண்டு தவறியது. சில தினங்களில் டிராட் கைதானார். ஆகஸ்டு 15-ந் தேதி, பிரைஸ்லர் என்னும் நீதிபதியின் 'மக்கள் கோர்ட்டு' அவருக்கு மரண தண்டனை விதித்தது. 26-ந் தேதி பெர்லின் பிளெட்சன்சே சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். வயது முப்பத்தைந்து. தண்டனை விதித்த அதே ஆகஸ்டு 15-ந் தேதி, சரியாக மூன்று வருஷங்கள் கழித்து, இந்தியா சுதந்திரம் பெற்றது.

அவர் மனைவி சிறைப்பட்டார். இரு பெண் குழந்தைகளும் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டு, ஏனைய சதிகாரர்களின் குழந்தைகளோடு தூரத்து விடுதி ஒன்றில் வேறு பெயரில் வைக்கப்பட்டன. பின்னரே தாயிடம் சேர்ந்தன. ஒருவன் செய்ததற்கு உறவு முழுவதையும் தண்டிப்பதற்கு நாஜிகள் ஒரு தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

அதே சுதந்திர இந்திய நிலையத்தில் பணியாற்றி, போஸ் 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்ட பின் அதற்குத் தலைமை தாங்கியவர் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலையாளப் பகுதியில் பிறந்த ஸ்ரீ ஏ. சி. என். நம்பியார். யுத்தம் முடிந்தபின் அவர் சுதந்திர இந்தியாவின் ஸ்தானீகராக மேற்கு ஜெர்மனிக்கே சென்றார். பெர்லினில் ஒரே காரியத்தில் கைகலந்த இருவர்; ஒருவருக்குக் கிடைத்தது சுதந்திர தேசத்தின் நியமனப் பத்திரம், மற்றவருக்குத் தூக்குக் கயிறு. இருவருடைய திறமையிலோ துணிவிலோ உள்ள வேற்றுமையன்று இது. அவரவரை அனுப்பிய ராஜாங்கத்தின் வேற்றுமை.

உண்மைக்கு நேர்ந்த கதி

தூதன் மடிந்தால் நஷ்டம் அவன் குடும்பத்தோடு போய்விடும் என்று எண்ணலாகாது. தூதன் என்பவன் ராஜாங்கத்தின் கண்ணும் காதும். கண்ணைக் குத்திக்கொண்ட ராஜாங்கம் எங்கே போய் விழும் என்பதற்கு 1941-ம் வருஷம் சாட்சி.

அப்போது மாஸ்கோவில் ஜெர்மன் தூதர் ஷூலன்பர்க் பிரபு. ருஷியாமீது படையெடுப்பது நாசமென்று கருதி, ஏப்ரலில் ஹிட்லரை நேரில் கண்டு தடுக்க முயன்றார், பயனில்லை. மே மாதம் மாஸ்கோவில் தம் இல்லத்தில், பெர்லினுக்கு ருஷியத் தூதராயிருந்த டெகனோஸோவைச் சிற்றுண்டிக்கு அழைத்தார். அங்கே, யுத்தம் வரக்கூடுமென்று அவர் எச்சரித்ததாக உடனிருந்த அவருடைய ஆலோசகர் பிற்காலத்தில் எழுதினார். ஒரு தூதர் தம் தலையைப் பணயம் வைத்துச் சொன்ன சொல் அது. கேட்டவரோ அதை நம்பவில்லை. நம்பியிருந்தாலும், யுத்தம் வராதென்று முடிவு கட்டியிருந்த தம் எஜமானிடம் அதை வற்புறுத்தியிருக்க முடியுமா? ஜூன் 22-ந் தேதி ஜெர்மன் சைனியங்கள் எல்லையைக் கடந்தன. அந்த யுத்தத்தில் மாண்ட சோவியத் ஜனங்கள் மட்டும் இரண்டு கோடிக்கு மேல்.

அந்த மேஜையில் அமர்ந்த இரு தூதர்களின் முடிவையும் கேளுங்கள். ஷூலன்பர்க் 1944 நவம்பர் 10-ந் தேதி ஹிட்லரின் கோர்ட்டு உத்தரவால் தூக்கிலிடப்பட்டார். டெகனோஸோவ், ஸ்டாலின் இறந்தபின் நேர்ந்த அதிகாரப் போட்டியில், 1953 டிசம்பர் 23-ந் தேதி பெரியாவுடன் சுடப்பட்டார். ஒருவர் உண்மையைச் சொல்லத் துணிந்தவர். மற்றவர் அடக்குமுறைப் போலீஸில் வளர்ந்து எஜமான் மனம்போல் நடந்தவர். சர்வாதிகார ராஜ்யத்தில் நேர்மை காப்பாற்றாது, கீழ்ப்படிதலும் காப்பாற்றாது.

வட கொரியாவின் பணயம்

இவை பழங்கதைகள் என்று நேயர்கள் கருதலாம். இல்லை. தண்டலத்துக் கடைப் பலகையில் உள்ள எழுத்தையே எழுதும் வட கொரியாவில் இன்றும் இது நடைமுறை.

அந்நாட்டுத் தூதராலயங்களிற் பல, தம் செலவுக்குத் தாமே பணம் தேட வேண்டியவை. அதன் பலனாக 1976-ல் டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகள் மதுவும் சிகரெட்டும் கள்ளத்தனமாக விற்ற வட கொரியத் தூதர்களை வெளியேற்றின. 2015 மார்ச்சில் அந்நாட்டுத் தூதராலய உத்தியோகஸ்தர் ஒருவர் டாக்கா விமான நிலையத்தில் சுமார் 27 கிலோ தங்கத்துடன் பிடிபட்டார். பிடிபட்டால் அவமானம் தூதனுக்கு. பிடிபடாவிட்டால் பணம் தலைநகருக்கு.

1997-ல் எகிப்திலிருந்த வட கொரிய ஸ்தானீகர் ஜாங் சுங்-கில் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார். லண்டனில் உப ஸ்தானீகராயிருந்த தே யோங்-ஹோ 2016-ல் மனைவியுடனும் இரு குமாரர்களுடனும் தென் கொரியா சேர்ந்தார். இரு பிள்ளைகளும் தம்முடன் இருக்க வாய்த்ததே அவருக்குக் கிட்டிய அபூர்வ பாக்கியம். லண்டனில் அவர் செய்துவந்த வேலை, தம் நாட்டில் குறையொன்றுமில்லையென்று மேடைகளில் பிரசங்கிப்பது. தஞ்சம் புகுந்தவுடன் அவரைக் கயவரென்றும் குற்றவாளியென்றும் வட கொரியா தூற்றியது. அங்கே விட்டுவந்த சகோதரரும் சகோதரியும் 2017-ல் அந்நியத் தொலைக்காட்சி முன் தோன்றி அவரைக் கண்டித்துப் பேசினர். அப்படிப் பேசாதிருக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்ததா என்பதை நேயர்களே ஊகிக்கலாம். 2020-ல் தென் கொரியப் பொதுத் தேர்தலில் நின்று அவர் பார்லிமெண்டு அங்கத்தினரானார்.

எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ரோமாபுரியில் தற்காலிக ஸ்தானீகராயிருந்த ஜோ சுங்-கில் 2018 நவம்பரில் மனைவியுடன் மறைந்தார். பின்னர் அவர் தென் கொரியாவில் இருப்பது தெரியவந்தது. ஆனால் பள்ளிப் பருவத்து மகள் அதே நவம்பரில் வட கொரியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டாள். தாத்தா பாட்டியுடன் இருக்க அவளே விரும்பினாளென்பது வட கொரியத் தூதராலயம் இத்தாலிய சர்க்காருக்குத் தெரிவித்த விளக்கம். 2019-ல் குவைத்திலிருந்தும், 2023-ல் கியூபாவிலிருந்தும் மேலும் இரு தூதர்கள் குடும்பத்துடன் தப்பினர். ஹிட்லரின் ஆட்சி தூதன் பிழைசெய்த பின் குழந்தைகளைப் பறித்தது. இந்த ஆட்சி, பிழைசெய்யாதபடி முன்னதாகவே பறித்து வைத்துக்கொள்கிறது.

அவனும் குற்றவாளியன்றோ?

இவ்வளவையும் கேட்ட நேயர் ஒருவர் நியாயமாகவே ஆட்சேபிக்கலாம்: 'சர்வாதிகாரியின் உப்பைத் தின்றவனுக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்? பஞ்சத்தில் மடிகிற குடியானவனுக்கும், சிறை முகாமில் வாடுகிறவனுக்கும் லண்டனில் வீடு கிடைத்ததா? அவர்கள் துன்பத்தை உலகத்திற்கு மறைத்தவன் இவனன்றோ?'

இந்த ஆட்சேபத்தை நாம் தள்ளிவிடவில்லை. டிராட்டே 1934-ல், தம் ஜில்லாக் கோர்ட்டுகளில் யூதர்களுக்கு அநீதி நேரவில்லையென்று மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். அதனால் ஆங்கில நண்பர் சிலர் அவரைக் கடைசிவரை முழுதும் நம்பவில்லை. ரஸ்கோல்நிகோவும் தம் கையெழுத்தால் பல வருஷம் அந்த ஆட்சிக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தவரே. பொய்க்கு நல்ல உடை உடுத்தி அந்நிய சபையில் உலாவச் செய்வது தூதனுடைய கலை. சர்வாதிகாரிக்கு அக்கலையை விற்றவன் நிரபராதியல்லன்.

ஆயினும் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. ஒன்று, அவன் தெரிந்தெடுத்தது தனக்காக மட்டும் அன்று. அவன் எடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஈடாக ஒரு குழந்தை நிற்கிறது. மற்றொன்று, இத்தகைய ஆட்சிகளின் உள்விவகாரத்தை உலகம் அறிவது பெரும்பாலும் இவர்கள் வாயிலாகத்தான். சாட்சியைக் குற்றத்தில் பங்கு கொண்டவனென்பதற்காகக் கோர்ட்டு கேளாமல் விடுவதில்லை. அவன் சொல்லை எச்சரிக்கையுடன் எடைபோடுகிறது, ஆனால் கேட்கிறது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை இந்நாட்டில் நெருக்கடி நிலை இருந்தது. தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையிலிருந்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. அப்போது நமது ஸ்தானீகர்களும் அந்நியத் தலைநகரங்களில் அதற்கு நியாயம் கற்பிக்க நேர்ந்தது. அவர்களுக்குக் குழந்தைகளைப் பணயம் வைக்கும் கதி நேரவில்லை; இருபத்தொரு மாதங்களில் ஜனங்கள் வாக்குச் சீட்டால் அந்நிலையை முடித்தார்கள். எனினும், தூதனுடைய நாவு எவ்வளவு விரைவில் அதிகாரத்தின் நாவாகிவிடும் என்பதை நாமும் ருசி பார்த்தவர்களே.

நமது கடமை

நம் அண்டை நாடாகிய பர்மாவில் 2021 பிப்ரவரி 1-ந் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பர்மியத் தூதராயிருந்த சௌ மோ துன், அம்மாதம் 26-ந் தேதி அதே சபையில் நின்று ராணுவத்திற்கெதிராக மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாள் பதவி நீக்க உத்தரவு வந்தது. ஆகஸ்டில், அவரைத் தாக்கச் சதி செய்ததாக இருவர் அமெரிக்காவில் கைதாயினர். லண்டனிலிருந்த பர்மியத் தூதரோ ஏப்ரலில் ஒரு மாலை வெளியே சென்று திரும்பியபோது, தம் தூதராலயக் கதவு தமக்கே அடைத்திருக்கக் கண்டார்.

இத்தகைய மனிதன் நாளை டில்லியிலோ சென்னையிலோ ஒரு கதவைத் தட்டினால் நாம் என்ன செய்வோம்? 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. தஞ்சம் கேட்போருக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. எல்லாம் அந்த அந்தச் சமயத்து அதிகாரிகளின் தயவைப் பொறுத்தது. தயவு நல்லதுதான், ஆனால் தயவை நம்பி ஒருவன் தன் பிள்ளையின் உயிரைப் பந்தயம் வைக்க முடியாது.

நமக்கு இதில் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. கொரிய யுத்தம் 1953-ல் ஓய்ந்தபோது, சொந்த நாடு திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் காக்கும் பொறுப்பு ஜெனரல் திம்மய்யா தலைமையிலான நடுநிலைக் கமிஷனுக்கும் இந்தியச் சேனைக்கும் வந்தது. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாமென்ற 88 பேர் இந்தியச் சேனையுடனே 1954 பிப்ரவரியில் கப்பலேறி வந்து நமது சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் கொரியர், மற்றவர் சீனர். பிற்பாடு பலர் தென் அமெரிக்க நாடுகளுக்குச் சென்றனர். சிலர் இந்நாட்டிலேயே வாழ்ந்தனர். சுதந்திரம் பெற்று ஏழு வருஷமும் ஆகாத ஏழை தேசம் அன்று அவர்களுக்குக் கதவைத் திறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுவதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன்பே கொரியர் தமிழ்நாட்டுக் கரையில் கால் வைத்தது அவ்வாறுதான்.

அன்று தயவால் செய்ததை இன்று சட்டத்தால் செய்யவேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். தஞ்சம் கோருகிறவன் தூதனாயினும் கூலியாளாயினும், அவன் வழக்கைக் கேட்பதற்கு ஒரு நியாய ஸ்தலமும், கேட்டு முடியும்வரை அவனைத் திருப்பி அனுப்பாதிருக்கும் உறுதியும் வேண்டும். வேறு நாட்டு ராஜாங்கத்தோடு உறவு கெடுமே என்பார் சிலர். அனுமனைக் காத்த நீதி, இலங்கையின் நன்மைக்காகச் சொல்லப்பட்ட நீதி. அதைச் சொன்ன விபீஷணனே பின்னர் அண்ணனால் தள்ளப்பட்டு அபயம் தேடி நின்றான் என்பதையும், அவனை ஏற்கலாகாதென்று பலர் சொல்லியும் இராமன் ஏற்றான் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

தண்டலத்தில் மகளின் கையைப் பிடித்து நடந்த அந்தக் கொரியர் தாம் எத்தகைய செல்வத்தை அனுபவிக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். எண்ணாமல் அனுபவிக்க முடிவதே சுதந்திரம். அந்தச் செல்வமில்லாத ஒரு தகப்பன் நம் வாசலில் வந்து நிற்கும் நாளில், அவன் எந்தக் கொடியின் கீழ் வேலை செய்தான் என்று கேட்பதற்கு முன், அவன் குழந்தை எங்கே என்று கேட்கும் தேசமாக இந்தியா இருக்க வேண்டும்.